கக்குவான் இருமலுக்கு எந்த டெஸ்ட், எந்த வாரத்தில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருமல் நிற்காத குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற பெற்றோரும், கோபி, தாராபுரம், காங்கேயம் பக்கம் சிறிய லேப் நடத்துகிறவர்களும் என்னிடம் கேட்பவற்றைத் தொகுத்திருக்கிறேன். நான் வேலை பார்ப்பது கோவையில் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில். மருந்து எழுதுவது என் வேலை அல்ல. அதனால் சிகிச்சையைப் பற்றி டெஸ்டைப் பாதிக்கும் அளவுக்கு மட்டுமே பேசுகிறேன்.

கக்குவான் இருமல் பழைய காலத்து நோய் அல்லவா? இன்னமும் வருகிறதா?

வருகிறது. முத்தடுப்பு ஊசி வந்தபிறகு வெகுவாகக் குறைந்ததே தவிர ஒழியவில்லை. ஊசியால் கிடைக்கும் காப்பு ஆயுள் முழுவதும் நிற்பதும் இல்லை. அரசு அட்டவணைப்படி 6, 10, 14 வாரங்களில் கக்குவான் பகுதி சேர்ந்த பென்டாவேலன்ட் ஊசியும், 16 முதல் 24 மாதத்துக்குள் ஒரு முறையும் 5 வயதுக்குமேல் ஒரு முறையும் முத்தடுப்பு (டி.பி.டி.) ஊக்க ஊசியும் போடுகிறார்கள். 10 வயதிலும் 16 வயதிலும் போடும் ஊசி ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மட்டுமானது. அதில் கக்குவானுக்கான பகுதி கிடையாது. அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்குப் போடுவதும் அதே ஊசிதான். கக்குவான் பகுதியும் சேர்ந்த டிடாப் ஊசியைத் தனியார் மருத்துவமனைகளில் கர்ப்பகாலத்தின் கடைசி மூன்று மாதங்களில் போடுகிறார்கள்.

ஆக, பள்ளி முடிக்கும் வயதில் பலருக்குக் காப்பு தேய்ந்திருக்கும். இந்த ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பஞ்சாலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறவருக்கு இருமல் வந்தால், "பஞ்சுத் தூசி" என்று அவரே முடிவு கட்டிவிடுவார். மூன்று வாரம் இருமிக்கொண்டே ஷிப்ட் பார்ப்பார்; வீட்டுக்கு வந்து கைக்குழந்தையைக் கொஞ்சுவார். முதல் ஊசியே போடாத ஒரு மாதக் குழந்தைக்கு நோய் வரும் வழி பெரும்பாலும் இதுதான்.

இருமும் சத்தத்தைக் கேட்டே மருத்துவர் சொல்லிவிட மாட்டாரா?

நான்கைந்து வயதுக் குழந்தை, மூச்சுவிட இடமில்லாமல் தொடர்ந்து இருமி, கடைசியில் கூவுவது போல் காற்றை இழுத்து, வாந்தியும் எடுத்தால் அனுபவப்பட்ட மருத்துவர் சொல்லிவிடுவார். இருபுறமும்தான் தடுமாற்றம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தக் கூவல் பெரும்பாலும் வராது. இருமலே பெரிதாக இல்லாமல், மூச்சு சில விநாடி நின்று உடம்பு நீலம் பாயும். அப்படி ஆனால் லேபுக்கு அல்ல, நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரியவர்களுக்கோ வெறும் நீண்ட இருமல், அவ்வளவே. இந்த இரண்டு கூட்டத்துக்கும்தான் டெஸ்ட் கைகொடுக்கிறது.

ஆனால் ஒன்று: சந்தேகம் வலுவாக இருந்தால், மாதிரி எடுத்த கையோடு மருத்துவர் மருந்தைத் தொடங்கிவிடுவார். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கச் சொல்ல மாட்டார். அதுவே சரி.

எந்த டெஸ்ட் எடுக்க வேண்டும்?

"எந்த டெஸ்ட்" என்பதற்கு முன் "இருமல் தொடங்கி எத்தனை நாள்" என்று கேட்க வேண்டும். இந்த நோய்க்குள்ள மூன்று முக்கியச் சோதனைகளுக்கும் தனித்தனிப் பருவம் இருக்கிறது. பருவம் தவறினால் எவ்வளவு நல்ல லேபும் தப்பான நம்பிக்கையைத்தான் கொடுக்கும்.

முதல் இரண்டு வாரம் கல்ச்சருக்கு, அதாவது மாதிரியிலுள்ள கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பதற்கு உரியது. கிருமி மூக்கின் பின்பகுதியில் உயிரோடு, நிறைய இருக்கும் காலம் அது. சோகம் என்னவென்றால், அப்போது நோயாளிக்கு இருப்பது சாதாரணச் சளி, லேசான இருமல். யாரும் டெஸ்டுக்கு வருவதில்லை. அடுக்கடுக்காக இருமல் தொடங்கி, வீட்டார் பயந்து ஓடிவரும்போது கிருமி குறைந்துகொண்டிருக்கும்.

பி.சி.ஆர். சோதனைக்கு மூன்று வாரம் வரை நல்ல காலம். நான்காவது வாரம் வரை இழுக்கலாம். அது தேடுவது கிருமியின் மரபணுவை என்பதால் கிருமி செத்திருந்தாலும் பிடிபடும். அதற்குப்பிறகு மரபணுவும் கரைந்துவிடும்.

இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை, சில நேரம் பன்னிரண்டு வாரம் வரை, ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் பார்க்கலாம். ஆறு வாரமாக இருமும் கல்லூரி மாணவனுக்கு மூக்கில் குச்சி விடுவதில் பயனில்லை. கைக்குழந்தைக்கோ இந்த ஆன்டிபாடி டெஸ்ட் உதவாது, எந்த வாரமானாலும்.

கைக்குழந்தை, முதல் மூன்று வாரம், இரண்டும் பொருந்தினால் என் பரிந்துரை பி.சி.ஆர்.; வசதி இருந்தால் அதோடு கல்ச்சரும்.

இருமல் தொடங்கிய தேதி யாருக்கு நினைவிருக்கிறது?

தேதியாகக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. "ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்" என்பார்கள். அந்தப் பதிலைப் படிவத்தில் அப்படியே எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தப் பக்கத்தில் நோம்பியை, அதாவது கோயில் திருவிழாவை வைத்துக் கேட்டால் பளிச்சென்று வரும். சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து பேரனோடு வந்த ஒரு அம்மிச்சியிடம், "பண்ணாரி குண்டத்துக்குப் போனபோது பையன் இருமினானா?" என்று கேட்டேன். "குண்டத்தன்று மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, மறுபூஜை முடிந்துதான் இருமல்" என்றார். சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியைப் பின்னால் எண்ணிப் பார்த்தால் மூன்றாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. கல்ச்சரை விட்டுவிட்டுப் பி.சி.ஆருக்கு மட்டும் மாதிரி எடுத்தோம். குண்டம் இல்லாவிட்டால் சம்பள நாள், பரீட்சை தொடங்கிய நாள், மாமன் மகள் சீர். ஏதாவது ஒன்று இருக்கும்.

குச்சியை மூக்குக்குள் அவ்வளவு ஆழமாக விட வேண்டுமா? தொண்டையில் எடுத்தால் போதாதா?

போதாது. பொர்டெடெல்லா பெர்டுசிஸ் என்ற இந்தக் கிருமி, மூச்சுப்பாதையின் உள்ளே நுண்மயிர் உள்ள செல்களில்தான் ஒட்டிக்கொள்ளும். மூக்கின் பின்பகுதியில் அந்தச் செல்கள் இருக்கின்றன. மூக்கு நுனியிலும் தொண்டையிலும் அவை இல்லை. மூக்குத் துவாரத்துக்கும் காதுக்கும் இடையிலான தூரத்தில் ஏறக்குறையப் பாதி அளவு குச்சி உள்ளே போக வேண்டும். மேல்நோக்கி அல்ல, நேர் பின்னால். தொட்டதும் சில விநாடி வைத்திருந்து, மெதுவாகச் சுழற்றி எடுக்க வேண்டும். கொரோனா காலத்தில் இதைப் பலரும் அனுபவித்திருப்பதால் விளக்குவது இப்போது எளிதாகிவிட்டது. குழந்தை அப்போது இருமினால் நல்லதுதான். மிகச் சிறிய குழந்தைக்கு மெல்லிய குழாய் விட்டுச் சளியை உறிஞ்சி எடுப்பதும் உண்டு; அது குச்சியைவிட நல்ல மாதிரி.

எங்களிடம் பஞ்சு சுற்றிய குச்சிதான் இருக்கிறது. பரவாயில்லையா?

கல்ச்சருக்கு ஆகாது. பருத்திக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: பருத்திப் பஞ்சிலுள்ள கொழுப்பு அமிலங்கள் இந்தக் கிருமியை வளரவிடாது. அவ்வளவு நோஞ்சான் கிருமி இது. பாலியெஸ்டர், ரேயான், நைலான் நுனி கொண்டவைதான் சரி. கால்சியம் ஆல்ஜினேட் நுனி பி.சி.ஆர். வினையைத் தடுக்கும் என்பதால் அதையும் தவிர்க்க வேண்டும். தண்டு வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் அல்லது அலுமினியக் கம்பியாக இருக்கட்டும். மரக்குச்சி வேண்டாம்.

கல்ச்சர் ரிப்போர்ட் வர ஏன் இத்தனை நாளாகிறது?

சிறுநீர்க் கல்ச்சர் இரண்டு நாளில் வந்துவிடுகிறது, இதற்கு மட்டும் ஒன்றரை வாரமா என்று கேட்பவர்களின் எரிச்சல் புரிகிறது. கிருமி வளர்க்கத் தட்டில் ஊற்றும் கூழுக்கு அகார் என்று பெயர். இந்தக் கிருமி சாதாரண ரத்த அகாரிலோ மெக்கான்கி அகாரிலோ வளராது. 1906-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜூல் போர்டேயும் ஒக்டாவ் ஜாங்கூவும் இதை முதன்முதலில் வளர்த்துக் காட்டினார்கள். உருளைக்கிழங்குச் சாறு, கிளிசரின், ரத்தம் சேர்ந்த ஊடகம் அது. நூறு ஆண்டுக்குமேல் ஆகியும் பாடப்புத்தகங்களில் அதற்குப் போர்டே–ஜாங்கூ அகார் என்றுதான் பெயர். மேட்டுப்பாளையம் மண்டிக்கு மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் கிழங்குக்கு இப்படி ஒரு வேலையும் இருக்கிறது என்று மாணவர்களிடம் சொல்வேன். இப்போது பெரும்பாலும் கரித்தூளும் குதிரை ரத்தமும் சேர்த்த ரீகன்–லோவ் அகாரைப் பயன்படுத்துகிறோம். கிருமிக்கு நஞ்சாகும் பொருள்களைக் கரி உறிஞ்சிக்கொள்ளும். மூக்கிலுள்ள மற்ற கிருமிகள் முந்திக்கொண்டு படராமல் இருக்க அதில் செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாடிக்கையும் சேர்ப்பார்கள்.

தட்டை ஈரப்பதத்தோடு 35 முதல் 37 டிகிரி வெப்பத்தில் வைத்தால் மூன்று நான்கு நாளில் ஊசிமுனை அளவில் பாதரசத் துளி போல மினுங்கும் கூட்டங்கள் தெரியும். கண்ணுக்கு எளிதில் படாது. விளக்கின் கீழ் தட்டைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். எதுவும் தெரியவில்லை என்றால் உடனே தூக்கி எறியாமல் பத்து நாளாவது வைத்திருந்துதான் "வளரவில்லை" என்று எழுதுவோம்.

இவ்வளவு பாடு எதற்கு, பி.சி.ஆர். போதுமே என்றால், கல்ச்சரில் வளர்ந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. அசித்ரோமைசின் வகை மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறதா என்பதையும் வளர்த்து வைத்துத்தான் முழுமையாகச் சோதிக்க முடியும். சீனாவில் இம்மருந்துக்கு அடங்காத வகை பெரிய அளவில் பரவியிருப்பதால் இது வெறும் ஏட்டுக் கவலை அல்ல.

எங்கள் ஊர் லேபில் ரத்த அணு எண்ணிக்கை மட்டும்தான் பார்ப்பார்கள். அதில் ஏதாவது தெரியுமா?

தெரியும். மலிவான, ஆனால் பலர் கவனிக்காத தடயம் இது. பாக்டீரியா தொற்றில் வழக்கமாக நியூட்ரோஃபில் அணுக்கள்தான் கூடும். கக்குவானில் லிம்போசைட் என்ற வேறு வகை வெள்ளணு கூடுகிறது. கிருமி சுரக்கும் பெர்டுசிஸ் டாக்சின் என்ற நஞ்சு, லிம்போசைட்டுகள் ரத்தக்குழாயிலிருந்து வெளியேறி நிணநீர்க் கணுக்களுக்குப் போவதைத் தடுத்துவிடும். போக வழியில்லாமல் அவை ரத்தத்திலேயே சேர்ந்துகொண்டிருக்கும். மொத்த வெள்ளணு 20,000-ஐத் தாண்டி, அதில் பெரும்பங்கு லிம்போசைட்டாக இருந்து, குழந்தைக்குக் காய்ச்சலும் இல்லை என்றால், மருத்துவரிடம் கக்குவானை நினைவூட்டுங்கள்.

கருவி கொடுத்த எண்ணோடு நிற்காமல் ஸ்லைடையும் ஒருமுறை பாருங்கள். உட்கருவில் ஆழமான பிளவு விழுந்த சிறிய லிம்போசைட்டுகள் அங்கங்கே தெரிந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கைக்குழந்தைகளுக்கு இயல்பிலேயே லிம்போசைட் அதிகம். விழுக்காட்டை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம். வளர்ந்தவர்களுக்கும் ஊசி போட்டவர்களுக்கும் எண்ணிக்கை சாதாரணமாகவே இருக்கலாம். அதை வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

வெள்ளணு 50,000, 60,000 என்று ஏறுகிற கைக்குழந்தையின் ரிப்போர்ட் மேசையில் கிடக்கக் கூடாது. அணுக்கள் நுரையீரல் ரத்தக்குழாய்களை அடைத்து உயிருக்கே உலை வைக்கும். உடனே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல வேண்டிய எண் அது.

பி.சி.ஆர். பாசிட்டிவ் என்றால் கக்குவான் என்பது உறுதிதானே?

பெரும்பாலும். ஆனால் எந்த மரபணுவைத் தேடினார்கள் என்பதைப் பொறுத்தது. பல கிட்டுகள் தேடுவது ஐ.எஸ். 481 என்ற துண்டை. பெர்டுசிஸ் கிருமி ஒன்றில் இது இருநூறுக்கும் மேற்பட்ட பிரதிகளாக இருப்பதால் ஒன்றிரண்டு கிருமி இருந்தாலும் பிடித்துவிடும். அதுவே பலம், அதுவே பலவீனம். பொர்டெடெல்லா ஹோல்மெசியை என்ற உறவுக் கிருமியிலும் இதே துண்டு சில பிரதிகள் இருக்கிறது. சந்தேகம் வந்தால், பெர்டுசிஸ் டாக்சினுக்கான மரபணு போன்ற இரண்டாவது இலக்கையும் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். அந்த இலக்கு கிருமிக்கு ஒரே ஒரு பிரதிதான் என்பதால் அதன் கண் சற்று மங்கல். பல கிருமிகளை ஒரே ஓட்டத்தில் தேடும் பேனல்களில் சில இந்த ஒற்றைப் பிரதி இலக்கையே பயன்படுத்துகின்றன. ஆகவே சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பேனல் எடுத்து நெகட்டிவ் வந்தால் அது முடிந்த முடிவு என்று நினைக்க வேண்டாம்.

சி.டி. மதிப்பையும், அதாவது எத்தனையாவது சுற்றில் மரபணு பிடிபட்டது என்ற எண்ணையும் பாருங்கள். எண் குறையக் குறையக் கிருமி அதிகம். 35-க்கு மேல் போகும் முடிவைப் பல லேப்கள் உறுதியற்றது என்றே எழுதும்.

நம்ப முடியாத ஒரு பொய்ப் பாசிட்டிவும் உண்டு. சில தடுப்பூசிகளில் இந்தக் கிருமியின் மரபணு எச்சம் இருக்கிறது. ஊசி போட்ட மேசையிலேயே, அதே கையுறையோடு மூக்கில் மாதிரி எடுத்தால் ஊசி மருந்தின் மரபணு மாதிரியில் ஏறிக்கொள்ளும். ஊசி போடும் இடமும் மாதிரி எடுக்கும் இடமும் வேறாக இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டு நாய்க்கும் இருமல். அதனிடமிருந்து வந்திருக்குமா?

கக்குவான் அல்ல. பெர்டுசிஸ் மனிதரிடம் மட்டுமே வாழும். நாய், பன்றி, முயல் ஆகியவற்றுக்கு மூச்சுப்பாதை நோய் தருவது பொர்டெடெல்லா பிராங்கிசெப்டிகா. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு எப்போதாவது அது தொற்றும். லேபில் பிரித்தறிவது எளிது: மெக்கான்கி அகாரில் வளரும், நகரும், யூரியேஸ் சோதனையில் சில மணி நேரத்தில் நிறம் மாறும். பெர்டுசிஸ் இந்த மூன்றையும் செய்யாது.

ஆன்டிபாடி டெஸ்டில் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

பெர்டுசிஸ் டாக்சினுக்கு எதிரான ஐ.ஜி.ஜி. வகை ஆன்டிபாடி, எலைசா என்ற சோதனை முறையில், சர்வதேச அலகில். முழுக் கிருமியையும் அரைத்துப் பூசிய கிட்டுகள் மற்ற உறவுக் கிருமிகளுக்கும் பதில் சொல்லும்; ஐ.ஜி.எம். என்ற மற்றொரு வகை ஆன்டிபாடி நம்பகமானது அல்ல. கடந்த ஓராண்டுக்குள் கக்குவான் ஊசி போட்டிருந்தால் எண்ணிக்கை ஊசியாலும் ஏறியிருக்கலாம். கைக்குழந்தையின் ரத்தத்தில் தாயின் ஆன்டிபாடி கலந்திருக்கும்; அதனால்தான் அவர்களுக்கு இது கூடாது என்றேன்.

நெகட்டிவ் வந்துவிட்டது. நிம்மதியாக இருக்கலாமா?

எந்த வாரத்தில், எந்த இடத்தில், எந்தக் குச்சியால் எடுத்தது என்று முதலில் பாருங்கள். ஐந்தாவது வாரத்தில் தொண்டையில் எடுத்த மாதிரி நெகட்டிவ் என்றால் அந்தத் தாளுக்குப் பொருள் எதுவும் இல்லை. மருந்து தொடங்கியபின் எடுத்தாலும் அப்படித்தான்: கல்ச்சர் மிக விரைவில் பொய்த்துவிடும், பி.சி.ஆர். இன்னும் சில நாள் தாங்கும். மருந்து தொடங்கிவிட்டார்கள் என்பதை லேபிடம் மறைக்காதீர்கள். முதல் மாத்திரை எப்போது போட்டது என்பதையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கக்குவான் இல்லை என்றால் வேறு எதைத் தேட வேண்டும்?

முதலில் காசநோய். இரண்டு வாரத்துக்குமேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நாடு முழுவதும் உள்ள விதி. அரசு மருத்துவமனைகளில் இலவசம். கக்குவானைத் தேடுகிற வேகத்தில் இதை மறந்துவிடக் கூடாது, குறிப்பாகப் பெரியவர்களிடம்.

பாரா-பெர்டுசிஸ் ஏறக்குறைய இதே இருமலை, சற்று மென்மையாகத் தரும். அந்தக் கிருமி பெர்டுசிஸ் டாக்சினைச் சுரப்பதில்லை. அதற்கான மரபணு அதனிடம் இருந்தும் செயல்படுவதில்லை. ஆகவே லிம்போசைட் ஏற்றமும் இராது, மேலே சொன்ன ஆன்டிபாடி டெஸ்டிலும் சிக்காது. பி.சி.ஆரில் ஐ.எஸ். 1001 என்ற துண்டைத் தேட வேண்டும். தட்டில் இரண்டு மூன்று நாளிலேயே வளர்ந்து பழுப்பு நிறம் காட்டும், ஆக்சிடேஸ் என்ற நொதிச் சோதனையில் நெகட்டிவ். பெர்டுசிஸ் ஆக்சிடேஸ் பாசிட்டிவ்.

மைக்கோபிளாஸ்மா நிமோனியே பள்ளிப் பிள்ளைகளிடம் வாரக்கணக்கில் இருமலை இழுக்கும். அதற்குச் செல்சுவர் கிடையாது. கிராம் சாயத்தில் தெரியாது, அமாக்சிசிலினுக்கும் அடங்காது. இதற்கும் பி.சி.ஆர்.தான்.

தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா, வேறு கதை. இருமலைவிடத் தொண்டையில் சாம்பல் நிறப் படலமும் கழுத்து வீக்கமும்தான் அடையாளம். இங்கே தொண்டை மாதிரிதான் வேண்டும், படலத்தின் ஓரத்தைச் சற்றே தூக்கி அதன் அடியிலிருந்து. ஆல்பர்ட் சாயமிட்டால் பச்சை நிறக் கோல்களில் கருநீலப் புள்ளிகள் தெரியும்; அது சந்தேகத்தைக் கூட்டுமே தவிர உறுதி செய்யாது. டெல்லுரைட் ஊடகத்தில் கருப்பாக வளர்த்து, அது நஞ்சு சுரக்கும் வகைதானா என்று பி.சி.ஆரிலோ 1949-இல் எலெக் வகுத்த முறையிலோ பார்க்க வேண்டும். நஞ்சுமுறி மருந்து இந்த முடிவுகளுக்காகக் காத்திருக்காது.

மாதிரியை வெளியூர் லேபுக்கு எப்படி அனுப்புவது?

பி.சி.ஆருக்கான குச்சியை உலர்ந்த, கிருமி நீக்கிய குழாயில் மூடி, ஐஸ் பேக் வைத்த பெட்டியில் அனுப்பலாம். கல்ச்சருக்கு இது போதாது. காய்ந்தால் கிருமி செத்துவிடும். கரி கலந்த கடத்தல் ஊடகத்தில் குத்தி, முடிந்தவரை அன்றைக்கே சேர்க்க வேண்டும். சனிக்கிழமை மாலை ஒரு கிளினிக்கிலிருந்து கேரிபேக்கில் சுற்றி, பஸ் நடத்துநரிடம் கொடுத்துவிட்ட குச்சி எங்களுக்குத் திங்கள்கிழமை காலை கிடைத்திருக்கிறது. கிருமிக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. அனுப்புவதற்கு முன் லேபுக்கு ஒரு போன் செய்து, வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கக்குவான், டிப்தீரியா இரண்டும் அரசு கண்காணிப்பில் உள்ள நோய்கள். சந்தேகம் வந்தாலே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த வழியில் எடுக்கும் மாதிரிக்குக் கட்டணம் கிடையாது. யாரிடம் சொல்வது என்று தெரியாவிட்டால் 104-ஐ அழைத்துக் கேட்கலாம்.

ஒருவருக்கு வந்தால் வீட்டில் எல்லோரும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

இருமுகிறவர்கள் மட்டும். இருமல் இல்லாதவர்களிடம் பி.சி.ஆர். எடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ உள்ள வீட்டில் டெஸ்ட் எடுக்காமலே தடுப்பு மருந்து கொடுப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அப்பாரு, ஆத்தாவையும், அதாவது தாத்தா பாட்டியையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். குழந்தையை அதிக நேரம் மடியில் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

பாசிட்டிவ் வந்து மருந்தும் முடிந்தது. நெகட்டிவ் ரிப்போர்ட் கொண்டுவந்தால்தான் சேர்ப்போம் என்கிறது பள்ளி. மறுபடி எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம். செத்த கிருமியின் மரபணு மிஞ்சியிருந்தால் மறுபடியும் பாசிட்டிவ் காட்டி, தேவையில்லாமல் பிள்ளையை வீட்டில் உட்கார வைக்கும். சரியான ஆன்டிபயாடிக்கை ஐந்து நாள் முடித்துவிட்டால் பிறருக்குப் பரவாது. மருந்தே எடுக்காதவர் இருமல் தொடங்கியதிலிருந்து 21 நாள் ஒதுங்கியிருக்க வேண்டும். மருந்து தொடங்கிய தேதியும் ஐந்தாம் நாள் முடிந்த தேதியும் குறித்து மருத்துவர் தரும் சான்றைப் பள்ளியில் கொடுங்கள். பிள்ளை இன்னும் பல வாரம் இருமும் என்பதையும் வகுப்பாசிரியரிடம் முன்பே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.